தேவானை தன் கட்டியைப் பார்த்த கதை

தேவானைக்கு உடம்பு சரியில்லை என்ற சேதி, தேவானையைத் தவிர மற்ற எல்லோருக்கும் முதலில் தெரிந்துவிட்டது.

நொச்சிக்குப்பத்தில் பிறந்து, நொச்சிக்குப்பத்திலேயே வாழ்க்கைப்பட்டு, லூப் ரோட்டில் முப்பத்தோரு வருடமாக மீன் விற்கிறவர் அவர். முன்பு ரோட்டோரத்தில் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்திருந்தார். இப்போது புது மார்க்கெட்டில் ஒரு மேடை கிடைத்திருக்கிறது. வயது ஐம்பத்து நான்கு. குரல் மட்டும் சாந்தோம் வரைக்கும் கேட்கும். மீனைக் கழுவி, செதில் எடுத்து, வயிற்றைக் கீறி, வாங்குகிறவர் கண் முன்னால் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டித்தான் துண்டு போடுவார். "பாத்துக்கோ நைனா, இது சினை, இது ஈரல், இது பித்து. அப்பால வந்து குடல் இருந்திச்சி, குந்தாணி இருந்திச்சின்னு எங்கிட்ட சொல்லக்கூடாது" என்பார்.

நாலைந்து மாதமாக வலது விலாவுக்குக் கீழே ஏதோ கனமாக இருந்தது. வாயு என்று நினைத்து கோலி சோடா குடித்தார். ஒருநாள் காலை ஐஸ் பெட்டியைத் தூக்கப் போய் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மகள் கயல் தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். அவள் லீவு போட்டுவிட்டு அம்மாவை ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனாள். ரிப்போர்ட் ஆங்கிலத்தில் இருந்தது. கயல் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டே அதிலிருந்த பெரிய பெரிய வார்த்தைகளைப் போனில் தேடிப் பார்த்தாள். போன் சொன்ன பதில்களில் மிக மோசமானதை நம்பினாள். வீட்டுக்கு வந்து, படகு இன்ஜின் ரிப்பேர் பார்க்கும் அப்பா பொன்னுரங்கத்திடம் மட்டும் சொன்னாள். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். பொன்னுரங்கம் தன் நண்பர் ஒருவரிடம் மட்டும் சொன்னார். நண்பர் யாரிடம் மட்டும் சொன்னாரோ, சாயங்காலத்துக்குள் குப்பம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை தேவானை கண் விழித்தபோது பொன்னுரங்கம் கையில் டீயோடு நின்றார்.

"இன்னா இது?"

"டீ."

"யாரு போட்டது?"

"நாந்தான்."

கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அடுப்பைப் பற்றவைக்கத் தெரியாத மனிதர். தேவானை ஒரு வாய் குடித்துப் பார்த்தார். சர்க்கரைக்குப் பதில் உப்பு இல்லை, அது வரைக்கும் நிம்மதி. ஆனால் மனதில் ஏதோ உறுத்தியது.

மார்க்கெட்டுக்குப் போனால் அங்கேயும் அப்படித்தான். பக்கத்து மேடைக்காரி சந்திரிகாவுக்கும் இவருக்கும் நான்கு விரற்கடை இடத்துக்காக வருடக்கணக்காகச் சண்டை. அன்றைக்கு சந்திரிகா தானாகவே கூடையை நகர்த்திக்கொண்டு, "நல்லா தாராளமா வச்சுக்கோக்கா" என்றார். ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து காரில் வந்து அரைமணி நேரம் பேரம் பேசும் அம்மா, வஞ்சிரத்துக்குச் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, தேவானையின் தோளைத் தொட்டு, "உடம்பப் பாத்துக்கோங்க" என்று கண் கலங்கினார்.

மூன்றாம் நாள் தேவானை கத்தியைக் கீழே வைத்தார். கயலைப் போனில் கூப்பிட்டார்.

"எனக்கு இன்னா வந்துகீதுன்னு இப்பவே சொல்லு. இந்த மரியாதையெல்லாம் என்னால தாங்க முடியல."

கயல் அழுதுகொண்டே சொன்னாள்.

"டாக்டர் சொன்னாரா?"

"இல்லம்மா."

"அப்பறம்?"

"போன்ல பாத்தேன்."

"போனு எப்ப டாக்டருக்குப் படிச்சிச்சி? நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போறோம். உங்கப்பன்கிட்ட சொல்லு, டீ போட வேணான்னு."

ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை மருத்துவர் பாலகணேஷ் இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொன்னார், ரத்தம் எடுக்கச் சொன்னார். அடுத்த வாரம் படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காண்பித்தார். கல்லீரலுக்குள் தேங்காய் அளவுக்கு ஒரு வட்டம் தெரிந்தது. அந்த வட்டத்துக்குள், மடித்துப்போட்ட துணி தண்ணீரில் மிதப்பதுபோல் வளைந்து வளைந்து ஒரு கோடு.

"இது கேன்சர் இல்லம்மா" என்றார் டாக்டர். கயல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "இது ஒரு நாடாப்புழுவோட பை. நாயோட குடல்ல இருக்குற புழு. அரிசிய விடச் சின்னது. அது போடற முட்டை நாயோட மலத்துல வெளிய வரும். மண்ணுல, நாயோட முடியில ஒட்டிக்கிட்டிருக்கும். அது எப்படியோ நம்ம வாய்க்குள்ள போச்சுன்னா, கல்லீரல்ல வந்து இப்படிப் பை கட்டிக்கும்."

தேவானைக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா டாக்டரே சொல்ற? நான் டெய்லி ரெண்டு வாட்டி குளிக்கிறவ. என் வயித்துல நாய்ப்புழுவா?"

"சுத்தமா இருக்கறவங்களுக்கும் வரும். எப்ப வந்துச்சுன்னே சொல்ல முடியாது. பத்து வருஷம்கூட ஆகியிருக்கலாம். மெதுவாத்தான் வளரும்."

"பத்து வருசமா எங்கூட சேந்து சோறு துன்னுகினு கீது. ஒரு வார்த்தை சொல்லல பாரு."

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு கவனமாகச் சொன்னார். சில வாரம் மாத்திரை சாப்பிட வேண்டும். அப்புறம் ஆபரேஷன். இடையில் யார் சொன்னாலும் இதில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுக்கச் சம்மதிக்கக் கூடாது. பை உடைந்து உள்ளே சிந்தினால் உயிருக்கே ஆபத்து. சிந்திய இடத்திலெல்லாம் புதிதாக முளைக்கவும் செய்யும்.

"அது எனக்குத் தெரியாதா?" என்றார் தேவானை. "மீனுல பித்தப்பை இல்ல? அத்த உடைக்காம எடுக்கணும். உடைஞ்சிதுன்னா மீனு மொத்தமும் கசப்பு. நீ பித்து எடுக்கற மாதிரி எடு டாக்டரே."

"அப்படியேதான் எடுப்போம். சுத்தி இருக்கற இடத்துல உப்புத்தண்ணில நனைச்ச துணி வைப்போம். கெட்டியான உப்புத்தண்ணி. தப்பித் தவறி சிந்தினாலும் அந்த உப்புல புழு செத்துடும்."

உப்பு என்ற சொல்லைக் கேட்டதும் தேவானைக்குத் தைரியம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பொன்னுரங்கத்திடம், "கருவாடு போடற மாதிரிதான்யா, வேற ஒண்ணுமில்ல" என்று விளக்கினார். அவருக்குத்தான் அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்து, வார்டுக்கு வந்து, மூன்றாம் நாள் கஞ்சி குடிக்கும்போது டாக்டர் பாலகணேஷ் வந்து பார்த்தார்.

"முழுசா வந்துடுச்சும்மா. வெள்ளையா, உரிச்ச முட்டை மாதிரி வழுக்கிக்கிட்டு வந்துச்சு."

"எங்க கீது?"

"எது?"

"அதான், அந்த முட்டை. நான் பாக்கணும்."

அதெல்லாம் பார்க்கிற பழக்கம் இல்லை என்றார் டாக்டர். பரிசோதனைக்கு அனுப்பியாகிவிட்டது, ரிப்போர்ட் வரும் என்றார். தேவானை கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"டாக்டரே, நான் முப்பத்தோரு வருசமா அறுக்கிறேன். ஒரு வாட்டிகூட வாங்கறவங்களுக்குக் காட்டாம அறுத்ததில்ல. உள்ள இருந்தது எல்லாத்தையும் எடுத்து முன்னாடி வப்பேன். நீ என் வயித்த அறுத்திருக்க. இன்னா எடுத்தேன்னு எனக்குக் காட்ட மாட்டியா?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் டாக்டரையே பார்த்தார்கள். டாக்டர் விட்டுக்கொடுத்தார். "தையல் பிரிக்க வர்றப்போ ரெண்டாவது மாடில பேத்தாலஜில நீரஜா மேடத்தைக் கேட்டுப் பாருங்க. நானும் சொல்லி வைக்கறேன்" என்றார்.

தையல் பிரித்த அன்றே தேவானை கயலின் தோளைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாடி ஏறினார். கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இந்த வாசனை எனக்குத் தெரியுமே! ஃபார்மலின்தான? இத்த மீனுல போடறாங்கன்னு புரளி கிளப்பி ஒரு மாசம் எங்க யாவாரத்தையே படுக்க வச்சானுங்க!"

உள்ளேயிருந்து சிரித்துக்கொண்டே நீரஜா வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். மயிலாப்பூரில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம். வெளியே பேசும்போது எல்லோரையும் போலத்தான் பேசுவார். உற்சாகம் வந்தால் மட்டும் வீட்டுத் தமிழ் எட்டிப்பார்க்கும். தன்னுடைய கட்டியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு ஒரு நோயாளி இந்த மாடிக்கு ஏறி வந்தது அவருடைய எட்டு வருட வேலையில் இதுவே முதல் தடவை.

"உக்காருங்கோம்மா. நான்தான் உங்க கேஸ் பாத்தேன்."

அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து மேஜைமேல் வைத்தார். தண்ணீரில் வெள்ளையாக, பளபளவென்று, கனமான பாலாடை மாதிரி ஒன்று சுருண்டு கிடந்தது. தேவானை குனிந்து வெகுநேரம் பார்த்தார். கயல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"நான் ரத்தமா இருக்கும்னு நெனச்சேன்" என்றார் தேவானை. "சுத்தமா கீதே. அவிச்ச முட்டையோட வெள்ளைதான். ஏன் சுருட்டிக்கினு கீது?"

"அது அப்படித்தான். வெட்டினா தானாச் சுருண்டுக்கும். நிறைய அடுக்கு இருக்கறதால. அடுக்கைப் பாக்கணும்னா இங்க வாங்கோ."

நீரஜா அவரை மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார வைத்தார். எதிரெதிரே இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய வகை. உள்ளே அம்புக்குறி ஒன்றை நகர்த்தி, எதிரில் இருப்பவருக்குச் சுட்டிக்காட்டலாம்.

"என்ன தெரியறது?" என்றார் நீரஜா.

"கறுப்பா முடி முடியா தெரியுது மேடம். புழுவா?"

"அது உங்க இமை முடி. கொஞ்சம் பின்னாடி வாங்கோ. ஒரு கண்ண மூடாதீங்கோ, ரெண்டையும் திறந்துண்டு பாருங்கோ."

கொஞ்ச நேரம் ஆடி அசைந்து, சட்டென்று வெளிச்சமான ஒரு வட்டம் தேவானைக்குப் பிடிபட்டது. "யம்மா!" என்றார்.

நீரஜா அம்புக்குறியை ஓரத்துக்கு நகர்த்தினார். "இதோ, வெளியில நார் நாரா, நடுநடுவுல நீலப் புள்ளியோட ஒரு பட்டை இருக்கு பாருங்கோ. நீலப் புள்ளியெல்லாம் செல்லு, உயிரோட இருக்கறது. இந்தப் பட்டை புழுவோடது இல்ல."

"பின்ன?"

"உங்களோடது. உள்ள ஏதோ வந்து உக்காந்துடுத்துன்னு தெரிஞ்சதும், அது பரவாம இருக்க உங்க உடம்பு சுத்தி ஒரு சுவர் எழுப்பியிருக்கு. வருஷக்கணக்கா."

தேவானை கண்ணை எடுத்துவிட்டு நீரஜாவைப் பார்த்தார்.

"நான் மீனு வித்துக்கினு இருக்கசொல்லவா?"

"ஆமாம்."

"தூங்கசொல்லகூட?"

"அப்பவும்தான்."

தேவானை தன் வலது விலாவின்மேல் கையை வைத்துக்கொண்டார். இந்தக் கதையை அவர் பின்னால் நூறு பேரிடம் சொல்லியிருக்கிறார். நூறு தடவையும் இந்த இடத்தில் மட்டும் குரல் இறங்கிவிடும். "எனக்கே தெரியாம என் உடம்பு எனக்காவ மதிலு கட்டிக்கினு இருந்திருக்குது. நான் அத்த வாயுன்னு சொல்லி சோடா ஊத்திக்கினு கீறேன்" என்பார்.

நீரஜா அம்பை உள்பக்கம் நகர்த்தினார். "அடுத்தது இது. இதுல நீலப் புள்ளி ஏதாவது தெரியறதா?"

"ஒண்ணும் இல்ல. வரி வரியா கீது. வெங்காயத்த அறுத்தா தெரியுமே, அப்டி."

"அதுதான் புழு கட்டின சுவர். இதுல உயிருள்ள செல் ஒண்ணுகூடக் கிடையாது. உள்ளே இருந்து சுரந்து சுரந்து, ஒரு அடுக்குக்கு மேல ஒரு அடுக்காச் சேர்த்தது. உங்க உடம்போட காவல் செல்லெல்லாம் இதைத் தாண்டி உள்ள வர முடியாது. இருங்கோ, இதையே வேற சாயம் போட்டுக் காட்டறேன்."

கண்ணாடித் தகட்டை மாற்றினார். இந்தத் தடவை அந்த வரிகள் மட்டும் பளீரென்று நிறம் பிடித்துக்கொண்டு எரிந்தன. மற்றதெல்லாம் மங்கிப்போயிருந்தது.

"கயலு! இங்க வந்து பாருடி. பயப்படாத, பட்டுச்சேலை மாதிரி கீது."

கயல் தயங்கித் தயங்கி வந்து பார்த்தாள். பார்த்த உடனே சொன்னாள்: "வாடாமல்லிக் கலர்."

நீரஜா இத்தனை வருடமாக அதை மெஜந்தா என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாணவர்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். வாடாமல்லி என்ற வார்த்தை அவருக்குத் தோன்றியதே இல்லை. அன்றிலிருந்து மாற்றிக்கொண்டுவிட்டார்.

"உள்ளோரம் பாருங்கோ" என்றார். "நூல் மாதிரி மெல்லிசா ஒண்ணு ஒட்டிண்டு இருக்கு. அதுல மறுபடியும் புள்ளி இருக்கும். எல்லா வேலையும் அங்கதான் நடக்கறது. இந்த வரிச்சுவரைக் கட்டறதும் அதுதான், புதுப் புழுவுக்குத் தலை முளைக்க வைக்கறதும் அதுதான்."

நூல் பக்கத்தில் உருண்டையாக ஒன்று தெரிந்தது. அதன் உச்சியில் வட்டமாகக் குட்டிக் கொக்கிகள் வரிசைகட்டி நின்றன. அது என்னவென்று தேவானைக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "தூண்டில் முள்ளு" என்றார் தானாகவே. "அத்த வச்சி குடல்ல மாட்டிக்கும்போல."

"நாயோட குடல்ல. சரியாச் சொல்றேளே!"

தேவானை மறுபடி குனிந்து இரண்டு சுவரையும் பார்த்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"மேடம், நம்ம ஆளு ஒரு சுவரு. அது ஒரு சுவரு. ரெண்டும் அடைச்சிக்கினு கீதே. அப்பறம் அதுக்குச் சோறு எப்டி உள்ள போச்சி?"

நீரஜா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பரீட்சையில் மாணவர்களிடம் அவரே கேட்கிற கேள்வி இது. பாதிப் பேர் முழிப்பார்கள்.

"அந்த வரிச்சுவர் பாக்கத்தான் கெட்டி. ரொம்ப ரொம்ப கிட்டத்துல போய்ப் பாத்தா அது நார் பின்னல். சின்னச் சின்ன சத்தெல்லாம் உள்ள போயிடும். பெரிய செல்லு போக முடியாது."

"அப்ப சுவரு இல்ல. வலைன்னு சொல்லு."

"வலைதான்."

"கண்ணு இன்னா சைஸு?"

நீரஜாவுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. வலையின் ஓட்டை எவ்வளவு பெரிது என்று கேட்கிறார் என்று கயல் விளக்கினாள். "வலைக்கண் சைஸ் தெரிஞ்சாத்தான் எது மாட்டும், எது தப்பிக்கும்னு சொல்ல முடியும் மேடம்."

"முழுசாத் தெரியலம்மா" என்று ஒப்புக்கொண்டார் நீரஜா. "எது போறது, எது போகலைங்கறதை இன்னும் ஆராய்ச்சி பண்ணிண்டுதான் இருக்கா."

"அத்தக் கண்டுபுடிங்க மொதல்ல" என்றார் தேவானை.

இந்த மைக்ராஸ்கோப் படத்தை மாணவர்களுக்குக் காட்டிக்கொள்ளலாமா என்று நீரஜா அனுமதி கேட்டபோதுதான் சின்னத் தகராறு வந்தது. தாராளமாகக் காட்டலாம், ஆனால் கீழே தேவானை, நொச்சிக்குப்பம் என்று பெயர் போட வேண்டும் என்றார் இவர். நோயாளி பெயரைப் போடக் கூடாது, அது விதி, எண் மட்டும்தான் என்றார் நீரஜா. "பத்து வருசம் சொமந்தவ நானு. நம்பருக்கா வயிறு கீது?" என்று தேவானை விடவில்லை. கடைசியில் நீரஜாவே ஒரு வழி சொன்னார். படத்தில் பெயர் வராது. ஆனால் தேவானை நேரில் வந்து வகுப்பில் தன் கதையைச் சொல்லலாம். அது அவருடைய இஷ்டம், எந்த விதியும் தடுக்காது.

ஒன்றரை மாதம் கழித்து தேவானை அரக்குச் சேலை கட்டிக்கொண்டு, முக்கால் மணி நேரம் முன்னதாகவே போய், வகுப்பின் முன்வரிசையில் உட்கார்ந்தார். திரையில் வாடாமல்லி வரிகள் ஆளுயரத்துக்கு விரிந்தபோது, "அது என்னுது" என்று பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொன்னார். பிறகு எழுந்து நின்று டீயிலிருந்து தையல் வரைக்கும் சொன்னார். வகுப்பே சிரித்தது. நீரஜா அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார், ஒரு மணி நேரம் ஓடியது.

கடைசியில் சுஹாஸ் என்ற மாணவர் எழுந்தார். "ஆன்ட்டி, உங்க வீட்டுல நாய் வளர்த்தீங்களா?"

"இல்லப்பா."

"பக்கத்துல?"

"குப்பத்துல நாய் கீது. ஆனா நான் தொட்டதில்ல. அதுங்க துன்றதும் மீனுதான். மீனுல இந்தப் புழு கிடையாதுன்னு மேடம் சொல்லிட்டாங்க."

"பை கட்டின ஆட்டு ஈரலைத் தின்னாத்தான் நாய்க்கு இந்தப் புழு வரும் ஆன்ட்டி. அப்போ ஆட்டு ஈரல் தின்ன நாய் எங்கேயாவது..."

தேவானை யோசித்துப் பார்த்தார். அன்று பஸ்ஸில் வரும்போதும் யோசித்தார். மறுநாள் சுறாவைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தபோது சட்டென்று கை நின்றது. மேடை கிடைப்பதற்கெல்லாம் வெகு காலம் முன்பு, ஐந்தாறு வருடம் அவர் மத்தியானத்தில் கூடையைத் தூக்கிக்கொண்டு மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு சந்தில் உட்கார்ந்து விற்றிருக்கிறார். எதிரில் ஒரு ஆட்டுக்கறிக் கடை. அந்தக் கடை நாய்கள் வெயிலுக்கு இவருடைய கோணிப்பையில் வந்து படுக்கும். அதே கோணியை உதறிப்போட்டு உட்கார்ந்துதான் இவர் மத்தியானச் சாப்பாடு சாப்பிடுவார். மீன் கையை மட்டும் ஒரு சொம்புத் தண்ணீரில் கழுவிக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட் கூட்டம் முடிந்ததும் அந்தச் சந்துக்குப் போனார். கடை அங்கேயே இருந்தது. கடைக்காரர் ஊரில் இல்லாததால் அவர் மனைவி ஜஹீதாதான் நின்று வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் பழைய பழக்கம்.

"தேவானைக்கா! எவ்ளோ நாளாச்சு! இளைச்சிட்டீங்களே?"

"தேங்காய் சைஸுல ஒண்ண எடுத்துட்டாங்க, இளைக்காம இன்னா பண்ணும்?" என்று தேவானை மறுபடி முதலிலிருந்து கதை சொன்னார். சொல்லிவிட்டு, "ஈரல்ல தண்ணி முட்டை மாதிரி எப்பயாவது வருமா?" என்று கேட்டார்.

"எப்பயாவது வரும்க்கா. அத யாரு வாங்குவா? நாய்க்குப் போட்டுடுவோம். பாவம், அதுங்களும் அதுக்குத்தான் காத்துக் கெடக்குதுங்க."

"அடுத்த வாட்டி வந்தா போடாம எனக்குப் போன் பண்ணு. உடைக்காத."

பதினாறாம் நாள் போன் வந்தது. தேவானை கையுறை, ஜாடி எல்லாம் நீரஜாவிடம் முன்பே வாங்கி வைத்திருந்தார். ஈரலில் எலுமிச்சை அளவுக்கு ஒரு குமிழ். அப்படியே வெட்டி எடுத்து, ஜாடியில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

ஒரு வாரம் கழித்து நீரஜாவே போனில் படம் அனுப்பினார். அதே வரிகள், அதே வாடாமல்லி. ஆட்டுக்கும் தேவானைக்கும் ஒரு வித்தியாசம் சொல்ல முடியாது.

"இதுலேர்ந்துதான் உங்களுக்கு வந்ததுன்னு நிச்சயமாச் சொல்ல முடியாது" என்று நீரஜா எச்சரித்தார். "ஆனா அந்தச் சந்துல அது சுத்திண்டு இருக்குங்கறது நிச்சயம்."

தேவானை இரண்டு படங்களையும் ஜஹீதாவிடம் காட்டினார். ஜஹீதா மாறி மாறிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "எங்கூட்டுப் பசங்க அந்த நாயோடதான்க்கா வெளையாடுதுங்க. இனிமே ஒரு துண்டு போட மாட்டேன்."

"போடாம விட்டா அதுங்க எங்க போவும்? குப்பையைக் கிளறும். நல்லா அரைமணி நேரம் கொதிக்க வச்சிப் போடு. கொதிச்சா ஒண்ணும் உயிரோட இருக்காதாம். மேடத்தக் கேட்டுட்டேன்."

மறுவாரமே ஜஹீதா கடையின் பின்புறம் அடுப்பில் ஒரு பழைய பிரியாணி அண்டா ஏறியது. மூடிபோட்ட தொட்டி ஒன்றும் வந்தது. அந்தச் சந்து நாய்கள் அதற்கப்புறம் சுடச்சுடத்தான் சாப்பிடுகின்றன.

நாய்களின் குடலில் ஏற்கெனவே இருக்கிற புழுவுக்கு என்ன செய்வது? நீரஜாவுக்குத் தெரிந்த கால்நடை மருத்துவர் பிரபு மாத்திரை கொண்டுவந்தார். நல்ல மனிதர், ஆனால் நாய்கள் அவரைவிடக் கெட்டிக்காரத்தனம் காட்டின. பிஸ்கட்டில் வைத்துக் கொடுத்தால் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பின. பாலில் கரைத்தால் மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டன. முதல் நாள் காலை முழுவதும் ஓடி, நான்கு நாய்களுக்குத்தான் கொடுக்க முடிந்தது.

"இன்னா டாக்டரு, பிஸ்கோத்தக் காட்டிக்கினு நிக்கற" என்றார் தேவானை. "நாளைக்குக் காலில ஏழு மணிக்கு வா."

மறுநாள் ஏழு மணிக்கு இரண்டு பெரிய பாத்திரம் நிறைய கவலை என்கிற சின்ன மீன் அவித்து இறக்கியிருந்தார். ஒவ்வொன்றின் வயிற்றையும் கீறி, சினை இருக்கும் இடத்தில் மாத்திரையைச் செருகி மூடினார். வெளியே பார்த்தால் கீறின தடமே தெரியாது. முதலில் மாத்திரை இல்லாத மீன் ஒன்று. நாய் அதை விழுங்கிவிட்டு வாலாட்டும்போது மாத்திரை வைத்தது ஒன்று. மென்று பார்க்க நேரம் கொடுக்காமல் உடனே இன்னொன்று. சந்திரிகா பாத்திரம் பிடித்தார். பொன்னுரங்கம் மாத்திரை தின்ற நாயின் முதுகில் நீலச் சாயத்தில் ஒரு கோடு போட்டார். ஜஹீதா சந்து முனையில் நின்று வேறு பக்கம் ஓடாமல் பார்த்துக்கொண்டார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இது நடக்கிறது. இப்போது இரண்டாவது வருடம். ஒரு வருட ஸ்கேனில் கல்லீரல் சுத்தமாக இருக்கிறது என்று டாக்டர் பாலகணேஷ் சொல்லிவிட்டார். கட்டி இருந்த இடத்தில் ஒரு சின்னக் கோடுதான்.

போன மாதம் சந்தில் நாற்பத்தோரு நாய் தேறியது. நாற்பது முதுகில் நீலக் கோடு. ஒரே ஒரு செவலை மட்டும் ஆட்டோவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு வெளியே வரவில்லை. பிரபு குனிந்து கூப்பிட்டார். பொன்னுரங்கம் விசில் அடித்தார். ஒன்றும் நடக்கவில்லை. வெயில் ஏறியது.

"விடுங்கம்மா, அடுத்த வாட்டி பாத்துக்கலாம்" என்றார் பிரபு.

"அது இன்னா அடுத்த வாட்டி?" தேவானை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ரோட்டிலேயே ஆட்டோ பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மீனை ஒரு கைதூரத்தில் வைத்தார். நாயைப் பார்க்காமல் பிரபுவைப் பார்த்து, சங்கரா மீனை எப்படிக் குழம்பு வைப்பது என்று சொல்ல ஆரம்பித்தார். புளி கரைத்து, மாங்காய் போட்டு, மீன் உடையாமல் இறக்கி, மறுநாளைக்கு எடுத்து வைத்துச் சாப்பிடுவது வரைக்கும் வந்தபோது, ஆட்டோவுக்கு அடியிலிருந்து ஒரு மூக்கு நீண்டது. மீன் போனது. மாத்திரை வைத்த இரண்டாவது மீனும் போனது.

"போட்டுக்கோ கோடு" என்றார் தேவானை புருஷனிடம். எழுந்து, ஜஹீதா கடைக் குழாயில் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கையைக் கழுவினார், நகக்கண் விடாமல். பிறகு எல்லோரையும் கூட்டிக்கொண்டு இட்லி சாப்பிடப் போனார்.